மனிதனுக்கு மரணமில்லை: கருங்கல்பாளையத்தில் ஒரு சுப்பிரமணியன் சொன்னது



கண்ணுகளா, கோயமுத்தூர்ல மருதமலைக்குப் பஸ் ஏறினா பாரதியார் பல்கலைக்கழகத்தைத் தாண்டித்தான் அடிவாரம் போகணும். சாய்பாபா காலனியில பாரதி பார்க் இருக்கு, தினமும் நூறு பேர் நடக்கறாங்க. பேர்ப்பலகையில ‘பாரதி’ன்னு படிக்கிறோம். அவரைப் பெத்தவங்க வெச்ச பேரு சுப்பிரமணியன். நம்ம சாமி பேரு. கிளி விடு தூதும் வேலன் பாட்டும் வள்ளிப் பாட்டும் பாடின முருகனடியார் அவர்.

அவர் நினைவைச் சொல்ற இடம் கொங்குல இன்னொண்ணு இருக்கு. ஈரோட்டுல, காவேரிக் கரையில, மாட்டுச் சந்தைக்குப் பேர்போன கருங்கல்பாளையத்துல ஒரு நூலகம். 1921 ஜூலை கடைசியில அங்க இருந்த வாசகசாலை விழாவுக்கு பாரதி வந்தார். கூப்பிட்டது வக்கீல் தங்கப்பெருமாள் பிள்ளை. பேசின தலைப்பு, ‘மனிதனுக்கு மரணமில்லை’. வாராவாரம் எருமைங்க வந்து நிக்கற ஊர்ல, எமனைப் பார்த்துப் பேசின பேச்சு! அடுத்து அதே ஈரோட்டுல வாய்க்கால் கரையிலயும் பேசிட்டு மெட்ராஸ் திரும்பினார். செப்டம்பர்ல போய்ச் சேர்ந்துட்டார். நடுவுல ஒன்றரை மாசம் கூட இல்லை. வயசு 39 ஆகலை.

இதைச் சொல்றதுக்குக் காரணம் போன வாரம் ஒரு தம்பி அனுப்பின செய்தி. “அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ 48 நாள் கந்த சஷ்டி கவசம் படிச்சேனுங்க. பக்கத்துலயே உக்காந்து படிச்சேன். அப்பா போயிட்டார். அப்புறம் எதுக்குங்க படிக்கணும்?”

இதுக்கு “எல்லாம் கர்மா”ன்னு சொல்லிட்டு நகர்றது எனக்குப் பிடிக்காது. “பக்தி பத்தலை”ங்கறது அதைவிட மோசம். அப்பாவை இழந்த பிள்ளைகிட்டச் சொல்ற பேச்சா அது?

இந்தக் கேள்வி பாரதிக்கும் இருந்துச்சு. பாரதி அறுபத்தாறுல ‘மரணத்தை வெல்லும் வழி’ன்னு ஒரு பகுதி. சாவே இல்லைன்னு சொல்ல வந்தவர், முதல்ல செத்தவங்களை எண்ணறார். சித்தர்கள், புத்தர், சங்கரர், ராமானுஜர், ஏசு, கண்ணன், ராமன், ஒருத்தரையும் விடலை. அதையெல்லாம் கண் தொறந்து பார்த்துட்டுத்தான், கோபத்தையும் பயத்தையும் விட்டா மரணத்தை ஜெயிக்கலாம்னு சொன்னார். உடம்போடயே ஜெயிக்கலாம்னுதான் நம்பினார். அவர் உடம்பு நிக்கலை. ஆனா பயத்தை விடறதுன்னு சொன்னாரே, அந்த எடத்துலதான் முருகன் நிக்கறான்.

சூரசம்ஹாரத்தை நினைச்சுப் பாருங்க. ‘சம்ஹாரம்’னு சொல்றோம், ஆனா சூரன் செத்தானா? மாமரமா நின்னவனை வேல் ரெண்டாப் பொளந்துச்சு. ஒரு பாதி மயிலாச்சு, ஒரு பாதி சேவலாச்சு. மயில் மேல ஏறி உக்காந்துக்கிட்டான், சேவலைக் கொடியில வெச்சுக்கிட்டான். எதிரியையே அழிச்சுப் போடாத வேலுங்க அது. எதிரிக்கே அப்படின்னா, உங்கப்பாவை இல்லாமப் போக விடுவானா? உருவம் மாறலாம். எந்த உருவம்னு நமக்குத் தெரியற வேலை இல்லை.

கவசத்தை அரங்கேத்தினது நம்ம சென்னிமலையில்ங்கறது வழிவழியா வர்ற பேச்சு. பாடின தேவராய சுவாமிகளும் இன்னைக்கு உடம்போட இல்லை. கவசம்னா என்ன? சண்டைக்குப் போறவன் போட்டுக்கறது. வீட்டுல உக்காந்திருக்கறவனுக்கு எதுக்கு? கவசம் தர்றவன் “சண்டையே வராது”ன்னு சொல்லித் தரலை. இத்தனை பேருக்கு ஃபார்வர்டு பண்ணா ஆயுசு கெட்டின்னு வாட்ஸப்புல சுத்துதே, அதுக்கும் கவசத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அழிச்சுடுங்க.

அருணகிரிநாதரும் திரும்பத் திரும்ப ஒண்ணுதான் கேக்கறார். எமன் எருமையில வர்ற நேரத்துல, நீ மயில்ல எனக்கு முன்னாடி வந்து நில்லுன்னு. எமன் வருவான்கறது அவருக்குத் தெரியும். தனியா அவன் கையில சிக்கக் கூடாதுங்கறதுதான் வேண்டுதல்.

தம்பி, நீ பக்கத்துல உக்காந்து படிச்சேன்னு எழுதியிருந்தே. அப்போ அந்த 48 நாளும் உங்கப்பா தனியா இல்லை. அவர் காதுல முருகன் பேரு விழுந்துட்டே இருந்துச்சு, அதுவும் பெத்த மகன் குரல்ல. அருணகிரியார் கேட்டது அதைத்தானே சாமி?

சஷ்டிக்கு சென்னிமலை வர்றவங்க, ஈரோடு வழியா வந்தா கருங்கல்பாளையத்துல கொஞ்ச நேரம் எறங்குங்க. தம்பி, நீயும் வா. அதுக்கு முன்னாடி இன்னைக்கு சாயந்திரம் அப்பா படத்துக்கு ஒரு வெளக்கேத்தி வெச்சு கவசம் படி. பாதியில அழுகை வந்தா நிறுத்திட்டு அழு. அப்புறம் விட்ட எடத்துல இருந்து படி.

வேலும் மயிலும் துணை.