கல்மரமும் ஒரு குவார்டெட்டும்

திருவக்கரை கல்மரப் பூங்காவில் சாய்ந்து கிடக்கும் அடிமரம் ஒன்றைக் குனிந்து பாருங்கள். தொட்டால் கல்; கண்ணுக்கு இன்னும் மரம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்குப் பிறகும் நார் ஓடிய திசையும் கணுவும் அப்படியே தெரிகின்றன.

அங்கே போய்வந்த அன்று இரவு இசையமைப்பாளர் ஃபேனி மெண்டல்சனின் தந்தி குவார்டெட்டைக் கேட்டேன். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. 1834-ல் எழுதியது. புகழ்பெற்ற தம்பி ஃபெலிக்ஸ் அதன் கட்டுக்கோப்பைக் குறை சொன்னார். அக்கா பிறகு இன்னொரு குவார்டெட் எழுதவேயில்லை. 1847-ல் இறந்தும் போனார். அந்தக் குவார்டெட் அச்சேறியது 1988-ல்தான். தேடியெடுத்து வாசித்துப் பதிவு செய்தவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

முதல் பகுதி விறுவிறுப்பாகத் தொடங்குவதே அக்கால வழக்கம். ஃபேனியோ ஆலாபனை போல நிதானமாக நுழைகிறார்.

அந்த நிதானத்தைக் கேட்டதும், வீணை தனம்மாள் 1932-ல் கொலம்பியா நிறுவனத்துக்கு வாசித்த இசைத்தட்டுகள் நினைவுக்கு வந்தன. வெறும் விரலால் மீட்டிய மெல்லிய நாதம். தட்டின் இரைச்சலுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் அது நம்மை விடாது.

ஃபேனியின் மூன்றாம் பகுதி 'ரொமான்ஸ்' முதல் தடவை எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் தடவை, நடுவில் சுருதி இடம் மாறி மாறித் தவிக்கும் இடம் வந்ததும், கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டேன்.