தலைச்சன் இடம்

தம்பியோ தங்கையோ பிறந்ததும் தலைப்பிள்ளை தன் தனியுரிமையை இழப்பதை அரியணை இழப்பாகக் கண்ட வியன்னா உளவியலாளர் ஆல்பிரட் அட்லர், மூத்தவர், நடுப்பிள்ளை, கடைக்குட்டி என ஒவ்வொருவருக்கும் ஒரு குணவார்ப்பை வகுத்துச் சென்றதிலிருந்து, பிறப்பு வரிசை ஏறத்தாழ ஜாதகத்தின் வேலையைப் பார்த்துவருகிறது. ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளை அலசி 2015இல் வெளியான ஆய்வு, கலகலப்பு, பொறுப்புணர்வு போன்ற ஆளுமைக் கூறுகள் பிறப்பு வரிசையால் மாறுவதாகக் காணவில்லை; அறிவுத்திறன் தேர்வில் மட்டும் இளையவர்களின் சராசரி சற்றே இறங்கியிருந்தது.

அந்தச் சிறு இறக்கத்தின் ஊற்று எது என்பதற்கு நார்வேயின் தரவுகளைக் கொண்டு 2007இல் வெளியான ஆய்வு விடை தேடியது. கட்டாய ராணுவப் பணிக்கான தேர்வை எழுதிய ஏறத்தாழ 2,40,000 இளைஞர்களின் பதிவுகளில், இரண்டாவதாகப் பிறந்தும், மூத்த குழந்தை சிசுப்பருவத்திலேயே இறந்துவிட்டதால் வீட்டின் மூத்தவராகவே வளர்ந்தவர்களின் மதிப்பெண், தலைப்பிள்ளைகளின் மதிப்பெண்ணை ஒட்டியே இருந்தது. அடுத்தடுத்த கருவுறுதலில் தாயின் உடல் மாறுவதே காரணம் என்ற விளக்கம் இதனால் தளர்கிறது. எத்தனையாவதாகப் பிறந்தார் என்பதைவிட எந்த இடத்தில் வளர்க்கப்பட்டார் என்பதே எடை பெறுகிறது. இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பதால் மூத்தவரின் அறிவு கூர்மையடைகிறது என்றார் உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ்; தம்பியை இடுப்பில் சுமப்பதற்காகவே பள்ளியை விட்ட அக்காள்களுக்கு அந்த ஆதாயம் எந்த அளவுக்குக் கிட்டியிருக்கும் என்பது வேறு கேள்வி.

வறுமை மிகுந்த இடங்களில் பிறப்பு வரிசையின் விளைவு உடலிலேயே பதிகிறது. இந்தியாவையும் சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவையும் சேர்ந்த 1,68,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயரத்தை ஒப்பிட்டு, பொருளியலாளர்கள் சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆப்பிரிக்கக் குழந்தைகளோடு ஒப்பிடுகையில் இந்தியக் குழந்தைகளின் உயரக் குறைவு பிறப்பு வரிசை ஏற ஏற வேகமாக அதிகரிக்கிறது; மகன்மீதான விருப்பம் வலுவாக உள்ள பகுதிகளில் அந்தச் சரிவு மேலும் செங்குத்தாகிறது. ஆகவே அக்காளுக்குப் பின் பிறந்த முதல் ஆணும், அக்காளுக்குப் பின் பிறந்த மற்றொரு பெண்ணும் கணக்கில் இரண்டாவது பிள்ளைகளே ஆயினும், அவர்களுக்கென வீடு ஒதுக்கும் பாலும் மருந்துச் செலவும், அடுத்த கருவுக்குக் காட்டும் அவசரமும் ஒன்றாக இருப்பதில்லை.