வீடு கேட்பவள் எதைச் சொல்லக் கடமைப்பட்டவள்?

கிண்டியில் வேலை செய்யும் ஒருத்திக்கு வீடு தேடுவது எளிய கணக்காக இருக்க வேண்டும். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை போகக் கூடாது. முக்கால் மணி நேரத்துக்குள் அலுவலகம் போய்ச் சேர வேண்டும். இரவில் தூங்கவும் விடுமுறையில் படிக்கவும் சத்தமில்லாத ஓர் அறை வேண்டும். ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல், வேளச்சேரி என்று வாரக் கடைசிகளில் நான் அலைந்தது இந்த மூன்றுக்காகத்தான். எந்த வாசலிலும் முதல் கேள்வி இவற்றைப் பற்றியதாக இல்லை. "கூட யாரும்மா இருப்பாங்க?"

நான் மட்டும்தான் என்றதும் மற்றவை வரிசையாக வரும். கல்யாணம் ஆயிடுச்சா? ஏன் ஆகலை? நைட்டு எத்தனை மணிக்கு வருவே? ஃப்ரெண்ட்ஸ் யாராவது வருவாங்களா? கவிச்சி சமைப்பியா? வாடகையை எந்தத் தேதியில் கொடுப்பேன் என்று கேட்கும் முன்பே பலர் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அலுவலகத் தோழி ஒரு வழி சொன்னாள். "அண்ணனும் கூட இருக்கான்னு சொல்லிடு. வீடு பாக்கப் போறப்ப யாரையாவது கூட்டிட்டுப் போ. ஆறு மாசத்துல அவனுக்கு வெளியூர் மாத்தல்." அவள் அப்படித்தான் வீடு பிடித்தாள். வேலைக்குப் பக்கத்தில், நல்ல வீடு. அதிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை: தலைக்கு மேல் ஒரு கூரை கிடைக்கப் பொய் சொல்லலாமா?

இது பழைய கேள்வி. 1797இல் இம்மானுவேல் காண்ட் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கொலைகாரன் ஒருவன் கதவைத் தட்டி, நம் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பன் எங்கே என்று கேட்கிறான். அவனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்பது காண்ட்டின் முடிவு. அவர் மறுத்தது பெஞ்சமின் கான்ஸ்டன்ட் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளரின் வாதத்தை. உண்மையைக் கேட்க உரிமை உள்ளவரிடம்தான் உண்மை சொல்லும் கடமை இருக்கிறது என்றார் அவர். நம் வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மை தரும் பொய்க்கு வாய்மையின் இடத்தையே கொடுக்கிறார்.

வீட்டு ஓனர் கொலைகாரர் இல்லை. ஆனால் கான்ஸ்டன்ட்டின் கேள்வி இங்கேயும் பொருந்தும். எந்த உண்மையைக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது? நான் எங்கே வேலை செய்கிறேன், வாடகை கட்ட முடியுமா, எத்தனை பேர் குடியிருப்போம், அடையாள அட்டை இருக்கிறதா: இவற்றைக் கேட்கலாம். சுவரும் குழாயும் அவருடையவை. என் திருமணமும் என் சோற்றுத்தட்டும் நான் யாரோடு பேசுகிறேன் என்பதும் அவருக்கு வாடகைக்கு விடப்பட்டவை அல்ல. அந்தக் கேள்விக்குப் பொய் சொன்னவள் அவருக்கு உரிய எதையும் பறிக்கவில்லை. தோழி ஓனருக்குத் துரோகம் செய்தாள் என்று நான் நினைக்கவில்லை.

வீடு அவர்களுடையது, விருப்பமும் அவர்களுடையது என்று சொல்வார்கள். நான் பார்த்த ஓனர்களில் பலர் பெண்கள்தான். கீழ்வீட்டு வாடகையையும் குடும்பப் பென்ஷனையும் வைத்து மாடியில் காலம் தள்ளுபவர்கள். ஓர் அம்மா வெளிப்படையாகவே சொன்னார்: "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எதிர்வீட்ல கேப்பாங்க." அவர் பயம் நிஜம். அவரும் கண்காணிக்கப்படுகிறவர்தான். எதிர்வீட்டில் கேட்டால் அவர்கள் பக்கத்துவீட்டைக் காட்டுவார்கள். ஒருவர் மறுத்தால் அது விருப்பம். தெரு முழுக்க ஒரே காரணத்துக்காக மறுத்தால் அது யாரும் கையெழுத்துப் போடாத சட்டம்.

கையெழுத்துப் போட்ட சட்டங்கள் இந்த இடத்தில் மௌனம் காக்கின்றன. அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பட்டியலிட்டு அங்கெல்லாம் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வாடகை வீடு இல்லை. 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தம், அட்வான்ஸ், பழுதுபார்ப்பு, காலிசெய்தல் பற்றிப் பேசுகிறது. வீடு தர மறுக்கும் காரணங்களைப் பற்றிப் பேசுவதில்லை.

அப்படியென்றால் பொய்தான் வழியா? தோழியின் வீட்டுக்கு ஒருநாள் போயிருந்தேன். கொடியில் ஓர் ஆண்சட்டை காய்ந்துகொண்டிருந்தது. யாரும் போடாத சட்டையை வாரத்துக்கு இரண்டு முறை அவள் துவைத்துக் காயப்போடுகிறாள். பொய் சொல்லிப் பிடித்த வீட்டில் அந்தப் பொய்யையும் கூடவே குடிவைக்க வேண்டியிருக்கிறது. அவள் தேடியதும் அமைதியான வீடுதான். இப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டாலே பேச்சை நிறுத்திவிடுகிறாள்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பொய் எல்லாருக்கும் கைகொடுக்காது. முஸ்லிம் பெண்ணின் பெயரே அவளுக்கு முன்னால் போய் நிற்கும். "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கப்படும் தலித் பெண்ணுக்கு, இரவல் அண்ணனால் என்ன பயன்? மணவிலக்கு பெற்றவளின் குழந்தை, அப்பா எங்கே என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிடும். அந்த வீடு ஏற்கெனவே பாதி ஏற்றுக்கொண்டவளால்தான் மீதிப் பாதியைப் பொய்யால் நிரப்ப முடிகிறது. விதி அப்படியே இருக்கிறது, அடுத்து வருகிறவளுக்காக.

நான் கேள்விகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். ஓனருக்கு உரியவற்றுக்குச் சம்பளச் சீட்டோடும் பழைய வாடகை ரசீதோடும் முழுப் பதில். மற்றவற்றுக்கு, "அது வாடகைக்குத் தேவைப்படாதுங்கம்மா." சண்டையாகச் சொல்வதில்லை, சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். பெரும்பாலான கதவுகள் மூடின. நான்கு மாதம் விடுதியில் இருந்துவிட்டு, தாம்பரம் தாண்டி வீடு கிடைத்தது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் காசு கொஞ்சம் மிச்சம். நேரத்தை யாரும் திருப்பித் தருவதில்லை. நான் நினைத்திருந்ததைவிடப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் கூடுதல். மாதம் இருபத்தைந்து நாள் என்றால் ஐம்பது மணி நேரம். பதில் சொல்ல மறுத்ததற்கு நான் கட்டும் வாடகை அது.

அதைக் கட்ட என்னால் முடிந்தது. பத்து நாளில் வேலையில் சேர வேண்டும், விடுதிக்கும் வழியில்லை என்று வருகிறவளிடம் உண்மையாக இரு என்று உபதேசிக்க எனக்கு வாய் வராது. அவள் சொல்லும் பொய்யின் பாரம் கேட்டவரின் கணக்கில்தான் சேர வேண்டும்.

1929இல் வெளிவந்த புத்தகத்தில் வர்ஜீனியா வுல்ஃப், எழுத நினைக்கும் பெண்ணுக்குப் பணமும் பூட்டிக்கொள்ள ஓர் அறையும் வேண்டும் என்றார். நம்மில் பலர் இன்று பணம் சம்பாதிக்கிறோம். சிலர் தவணை கட்டி வீடு வாங்கி வாடகைக்கும் விடுகிறோம். அந்தக் கதவைத் தட்டி ஒருத்தி தனியாக வந்து நிற்பாள். எதிர்வீட்டில் கேட்பார்கள்தான். கேட்கட்டும். நாம் வாடகை, தேதி, தண்ணீர் வரும் நேரம் ஆகியவற்றைப் பேசிவிட்டுச் சாவியைக் கொடுக்கலாம்.