பள்ளத்தில் இருப்பவனின் வழக்கு

ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் மதகு திறந்தால், மழைக்காலங்களில் தண்ணீரோடு நுரையும் மலைமலையாய்ப் புறப்படுகிறது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையும் சுமந்து கொடியாளத்தில் தமிழகம் புகுகிறது. அந்தப் பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் தீப்பற்றி எரிந்தது. தண்ணீர் எரிந்த விந்தையை என்னென்பது!

சுற்றுச்சூழல் நீதியை ஆய்வுப் பொருளாகக் கொண்ட மாணவருக்கு, இந்நீரைக் குப்பியில் அள்ளிச் சோதிப்பது எளிது. அழுக்கை விட்டவர் ஓர் அரசின் குடிமகன்; அதைப் பாய்ச்சிப் பயிரிடுபவர் வேறோர் அரசின் குடிமகன். இவர் யாரிடம் முறையிடுவார்? 1892ஆம் ஆண்டின் சென்னை-மைசூர் ஒப்பந்தம், கீழுள்ளோர் இசைவின்றி மேலே புதிய அணை கூடாதென்றது. சாக்கடையை அன்று யார் நினைத்தார்?

தண்ணீரில் மக்கள் கூட்டாளிகள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. கூட்டு, எடுப்பதில் மட்டும்தானா? திருப்பி விடுவதில் இல்லையா?

அந்த மாணவர், ஒசூரைக் கடந்த பிறகும் ஆற்றில் ஒருமுறை குப்பியை அமிழ்த்தட்டும். நம் ஆலைகளும் வீடுகளும் விடுவது எங்கே போகிறது? கீழே கிருஷ்ணகிரி அணை, அதற்கும் கீழே சாத்தனூர், முடிவில் கடலூர். பெங்களூரை நோக்கி நாம் எழுப்பும் கேள்வியையே கிருஷ்ணகிரி உழவர் நம்மிடம் எழுப்பினால், என்ன விடை வைத்திருக்கிறோம்?