'ஆதலால்' வந்த அன்பு

கடவுள் உண்டு என்பது அறிவால் தெளிவதா, நம்பிக்கையால் ஏற்பதா என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது சிவஞானபோதம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூரில் இருந்து அருளிய சைவ சித்தாந்த நூல். 12 சூத்திரங்கள், எல்லாம் சேர்த்து 40 அடிகள்தான். ஒரே தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் சூத்திரத்தில் 'நம்பு' என்ற பேச்சே கிடையாது. உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. அறிவில்லாத உலகம் தானாக இதைச் செய்துகொள்ள முடியாது. ஆகவே ஒருவன் உண்டு. எல்லாவற்றையும் ஒடுக்குகிறவனே முதல்வன். இவ்வளவே அதன் சாரம். சூத்திரத்தைப் பிரித்துப் பொருள் விரிக்கும்போதும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்றே நடக்கிறது. இங்கே மேற்கோள் என்பது இன்னொருவர் சொன்னதை எடுத்தாள்வது அல்ல. நிறுவ வேண்டிய கூற்றுக்கு அந்நாளில் அதுதான் பெயர். ஏது, அதற்கான காரணம்.

மெய்கண்டாருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் எழுதிய சிவஞான சித்தியாரில், பிறர் கொள்கைகளை எடுத்து மறுக்கும் பகுதியான பரபக்கத்தில், கண்ணால் காண்பதே உண்மை, கடவுள் இல்லை என்கிற உலகாயதனுக்குத்தான் முதலிடம். அவன் வாதத்தைச் சொல்லவிட்டுப் பிறகே மறுக்கிறார். கேட்கிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்பாத இந்த மரபை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இந்த அருணந்தியார் முன்பு சகலாகம பண்டிதர் என்று பேர் பெற்றவர். மெய்கண்டாரோ அப்போது சிறுபிள்ளை. தம் மாணாக்கர்கள் அந்தப் பிள்ளையிடம் போய்ப் பாடம் கேட்பதை அறிந்து பண்டிதர் நேரிலேயே போனாராம். உயிரை மறைத்து 'நான்' என்று முனைக்க வைக்கும் ஆணவ மலத்தின் வடிவம் என்ன என்று கேட்டாராம். பிள்ளை வாய் திறக்கவில்லை. நிமிர்ந்து நின்றவரை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தது. கேட்டுக்கொண்டு நிற்கும் தாமே அதற்கு விடை என்பது பண்டிதருக்கு உறைத்தது, காலில் விழுந்தார். வழிவழியாக வரும் செய்தி இது. இதில் பண்டிதர் வாதத்தில் தோற்கவே இல்லை. அவர் படித்த ஆகமங்களும் பொய்யாகிவிடவில்லை. அந்தப் படிப்பை வைத்துத்தான் பின்னாளில் சித்தியாரையே எழுதினார். விழுந்தது அவருடைய 'நான்' மட்டுமே.

அறிவு தீர்ந்த இடத்தில் நம்பிக்கை தொடங்குகிறது என்று சொல்வதை என்னால் ஒப்ப முடியவில்லை. 11ஆம் சூத்திரம் அப்படிச் சொல்லவில்லை. கண் காண்பதற்கு உயிர் கூட நின்று காட்ட வேண்டும். உயிர் அறிவதற்கும் அப்படியே இறைவன் உடன் நின்று காட்டுகிறான். ஆதலால் அவனிடம் தளராத அன்பு என்கிறது. அன்புகூட அங்கே ஒரு 'ஆதலால்' வழியாகத்தான் வருகிறது. உதவியவர் யாரென்று தெரிந்த பிறகு நெஞ்சில் ஊறுகிற நன்றி போல.

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு சித்தாந்த வகுப்பு நடக்கிறது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வருவார். முதல் சூத்திரம் நடந்த அன்றே எழுந்து, "ஐயா, குயவன் குடம் வனைவதைப் பார்த்திருக்கிறோம். உலகத்தை வனைந்ததை யார் பார்த்தது?" என்று கேட்டார். நல்ல கேள்வி, எனக்கும் அந்த இடத்தில் கால் இடறும். கண்டதை வைத்துக் காணாததை அறியும் அனுமானம் என்றால் என்ன என்று ஆசிரியர் வெகுநேரம் விளக்கினார். வாத்தியார் முகம் தெளியவில்லை.

11ஆம் சூத்திரம் வந்தபோது அவர் கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். பாடத்தின் நடுவே மெதுவாகச் சொன்னார்: "கட்டுப் பிரித்த அன்று டாக்டர் விரலை நீட்டி எத்தனை என்றார். விரல் பளிச்சென்று கண்ணெதிரே இருக்கிறது. என் மனசு வீட்டில் படுத்திருக்கிற சம்சாரத்திடம் போய்விட்டது. இரண்டா மூன்றா, சொல்லத் தெரியவில்லை ஐயா."

வகுப்பு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சந்நிதியில் நின்றார். தீபாராதனை ஆகி அர்ச்சகர் தட்டை நீட்டியபோதும் அவர் திரும்பவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, குடத்தைப் பற்றிய அந்தக் கேள்வியை அடுத்த மாதமும் கேட்கப்போவதாக என்னிடம் சொன்னார்.