அளக்கத் தெரிந்த கை

ஒரகடம் கூட்டுரோட்டில் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் தம்பி, தங்கையே! கான்ட்ராக்ட் முடிந்தால் ஊரில் கோழிப் பண்ணை போடலாம் என்கிறாய். மறுநொடியே, "தீவனம் விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகுமா, நமக்கு என்ன தெரியும்?" என்று நீயே அதை முறித்துப் போடுகிறாய்.

உனக்கா தெரியாது? அளவு மயிரிழை தவறினாலும் அந்தப் பாகத்தை எடுத்து ஓரம் வைக்கிற ஆள் நீ! சோதிக்காத சரக்கை லைனில் ஏற்றாத கை உன் கை. கோழித் தீவனத்துக்கு வேண்டியது அந்தக் கைதான்.

பண்ணைச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தீவனமே தின்றுவிடுகிறது. அதில் பெரும்பங்கு மக்காச்சோளம். அதன் புரதம் 8, 9 சதவீதம்தான். அதிலும் சதை பிடிக்கத் தேவையான லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருக்கிறது, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதி கோழிக் குடலில் போதாது. சத்து எச்சத்தோடு போக, நீ காசு கொடுத்து டைகால்சியம் பாஸ்பேட் வாங்குகிறாய். பைட்டேஸ் நொதியைக் கலந்தால் அந்த மணிச்சத்தில் கணிசமான பகுதி கோழிக்குச் சேரும். பெரிய பண்ணைகளில் இது அன்றாட வழக்கம். உனக்கு மட்டும் ஏன் எட்டாது?

லைசின் குறைக்கும் அளக்கத் தெரிந்த கைதான் வழி கண்டது. 1964-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் லைசின் மிகுந்த மக்காச்சோளம் ஒன்றைக் கண்டு சொன்னார்கள். வயலுக்கு வந்ததும் சாயம் வெளுத்தது. மணி சுண்ணாம்புக்கட்டி போல மாவாக இருந்தது, விளைச்சல் குறைந்தது, வண்டு விழுந்தது. பலர் கைவிட்டார்கள். மெக்சிகோவில் உள்ள சர்வதேச மக்காச்சோளம், கோதுமை மேம்பாட்டு மையத்தில் இருவர் விடவில்லை. நம் நாட்டு சுரிந்தர் வாசல் வயலில் கெட்டி மணிகளைப் பொறுக்குவார். மெக்சிகோ பெண்மணி எவாஞ்சலினா வியேகாஸ் ஆய்வகத்தில் அவற்றின் புரதத்தை அளப்பார். அளந்தார்கள், தள்ளினார்கள், மறுபடி அளந்தார்கள், வருடக்கணக்கில்! கெட்டி மணியும் விளைச்சலும் லைசினும் ஒரே கதிரில் சேர்ந்தன. 2000-ல் இருவருக்கும் உலக உணவுப் பரிசு. தினமும் லைனில் நீ செய்வதும் இந்த வேலைதானே? அதை அற்பம் என்று எவன் சொன்னாலும் நம்பாதே!

மக்காச்சோள மூட்டை வந்தால் இதைச் செய். ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் நன்றாகக் காய்ந்த உப்பு ஒரு பிடி போடு, கொஞ்சம் சோளம் போடு, மூடிக் குலுக்கிச் சற்று வை. உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல். மூட்டையைத் திருப்பி அனுப்பு! வியாபாரி முகம் சுளிக்கட்டும். ஈரச் சோளத்தில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஏறினால் கோழியின் ஈரல் கெடும். அப்புறம் எந்த நொதியும் காப்பாற்றாது.

மக்காச்சோளம் விலை ஏறினால் ஒரு பங்கு கம்பு சேர். அதில் புரதம் கூடுதல். மஞ்சள் கரு வெளுக்கும் என்பதால் கீரையும் போடு.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போய், ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் பக்கம் திரும்பினால் காட்டுப்பாக்கம். அங்கே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. ஞாயிறு வரை காத்திருக்காதே. ஷிப்ட் மாற்றிக்கொண்டு வேலைநாளில் போ. கோழி வளர்ப்புப் பயிற்சி எப்போது, பைட்டேஸ் டன்னுக்கு எவ்வளவு, கம்பு எந்த அளவு வரை போகலாம் என்று தலை நிமிர்ந்து கேள். பதிலை நோட்டில் எழுதிக்கொள்!