மிஞ்சிய இரண்டு மணி நேரம்



1930-ம் ஆண்டு, அமெரிக்காவில் ஜனங்கள் வேலையின்றித் தவித்த காலம். பேட்டில் கிரீக் நகரிலுள்ள கெல்லாக் தானிய உணவு ஆலையில் எட்டு மணி நேர வேலை ஆறாகக் குறைக்கப்பட்டது. மூன்று ஷிப்டு நான்காயிற்று. ஒருவர் விட்டுக்கொடுத்த இரண்டு மணி நேரத்தால் வேறொருவர் வீட்டில் அடுப்பெரிந்தது. பலர் பொழுதோடு வீடு திரும்பித் தோட்டம் போட்டார்கள், பிள்ளைகளோடு இருந்தார்கள்.

ஆனால் நாட்கூலி குறைந்தது. மிஞ்சிய நேரத்தை என்ன செய்வதென்று சிலர் சலித்தார்கள். எட்டு மணி நேரமே மெல்லத் திரும்பியது. 1985-ல் ஆறு மணி முறை அடியோடு நின்றது.

ஓய்வு சர்வேசுரன் தந்த வரம். பகிர்ந்தால் இனிக்கும், தனக்கென்றே வைத்தால் கசக்கும். உங்கள் வீட்டில் மிஞ்சும் நேரம் யாருக்குச் சேருகிறது? இன்றிரவு குடும்ப செபத்துக்கு முழங்காலிடுமுன் கணக்குப் பாருங்கள்.